பின்கதவுக் கேமரா

பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் திருடன் புகுந்த நாளிலிருந்து அர்ச்சுனனுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வீட்டில் போனது இரண்டு பச்சைக்கல் வளையலும் ஒரு சோறு வடிக்கிற குக்கரும்தான். வளையல் சரி, குக்கரை எதுக்குத் தூக்கினான் என்று தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிரிக்கவில்லை. திருடன் வந்தது பின்லோரோங் சந்து வழியாக. அந்த லோரோங்கில்தான் அர்ச்சுனனின் வீட்டுப் பின்கதவும் இருந்தது.

ஜோகூர் மாசாயில் இருந்து சிங்கப்பூருக்குத் தினம் மோட்டாரில் போய் வரும் ஆயிரக்கணக்கான ஆம்பிளைகளில் அவரும் ஒருவர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புவார். எல்லைப் பாலத்தில் மழையும் புகையும் குடித்து, அங்கே ஒரு கிடங்கில் பகல் முழுக்கப் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டிவிட்டு, மறுபடியும் பாலத்தில் மழையும் புகையும். இருபத்து மூன்று வருஷமாக இதே பிழைப்பு. நடுவில் உள்ள பதினேழு மணி நேரம் வீட்டில் இருப்பது அவருடைய மனைவி ரஞ்சிதம் மட்டும்தான்.

"ஒண்டியா கெடக்கற பொம்பள. நான் அங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பேன், இங்க எவனாச்சும் வந்து ஒரு கொடுவாளக் காட்டுனா என்னா செய்வ?" என்று கேட்டார்.

"குக்கர எடுத்துக் குடுத்து அனுப்பிருவேன்" என்றாள் ரஞ்சிதம்.

அவர் முறைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாதனை வரச் சொல்லிவிட்டார்.

நாதனுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனுஷன், வயிறு அதைவிடப் பெரிசு. பெர்மாஸ் கடைத்தெருவில் அலாரம், தானாகத் திறக்கும் ஆட்டோகேட், கேமரா எல்லாம் மாட்டுகிற கடை வைத்திருந்தான். வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. முன்னால் போய்க் கூரையைப் பார்த்தான், உள்ளே வந்து மூலையைப் பார்த்தான், பின்னால் போய் லோரோங்கை எட்டிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் ரஞ்சிதம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான்.

"பாஸ், நாலு கேமரா செட்டு எடுத்துக்குங்க. கேட்டுக்கு ஒண்ணு, காடி, மோட்டார் நிக்கிற எடத்துக்கு ஒண்ணு, ஹாலுக்கு ஒண்ணு, பின்னால ஒண்ணு. இருட்டுலயும் கலராத் தெரியும். சிங்கப்பூர்ல உட்கார்ந்து போன்ல பாத்துக்கலாம். பதிவு பெட்டியில ஒரு மாசத்துக்கு அப்படியே நிக்கும்."

"வயர் இல்லாம வருதாமே, அது எப்படி?" என்று அர்ச்சுனன் கேட்டார்.

"அது சுகமான சாமான்தான். ஆனா வைஃபை படுத்துக்கிச்சுன்னா கேமராவும் படுத்துக்கும். திருடனுக்கு இதெல்லாம் இப்ப நல்லாத் தெரியுது பாஸ். வயர் போடுங்க, நிம்மதியா இருங்க."

ரஞ்சிதம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"நாலும் முன்னாலயே வச்சிருங்களேன்" என்றாள்.

இரண்டு ஆம்பிளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னால நாலா? எதுக்கு, கல்யாண வீடியோ எடுக்கவா?" என்றார் அர்ச்சுனன்.

"பின்னால என்னா இருக்கு? துடப்பமும் மீன் கழுவுற தொட்டியும். அதுக்குப் போயி ஒரு கேமராவா?"

"திருடன் மீன் கழுவவா வரான்? அவன் வர்றதே பின்னாலதான லா!"

"அக்கா, பாஸ் சொல்றதுதான் சரி" என்றான் நாதன். "நூத்துக்குத் தொண்ணூறு பேரு பின்லோரோங்லதான் எறங்குறான். முன்னால வைக்கிறதெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் காட்டறதுக்கு. அசல் வேல செய்யறது பின்னால வைக்கிறதுதான்."

அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் பின்கதவு வழியாக வாரத்துக்கு இரண்டு தடவை அவளுடைய ஒரே மகள் வந்துகொண்டிருந்தாள்.

யோகேஸ்வரிக்கும் அவள் அப்பாவுக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அர்ச்சுனனோடு வேலை செய்பவரின் மகனுக்கு அவளைப் பேசி, தட்டு மாற்றி, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து முன்னூறு வீட்டுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் ஆ செங் என்கிற சீன டயர் கடைக்காரப் பையனைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றாள். முதலிலேயே சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தாளாம், அப்பா முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லையாம். அர்ச்சுனன் அடிக்கவில்லை, கத்தவில்லை. பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் தானே போன் போட்டு, "கல்யாணம் நின்னு போச்சு, மன்னிச்சிருங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். அதற்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ரஞ்சிதத்திடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவ இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது."

கேட்டைத்தானே சொன்னார், பின்கதவைச் சொல்லவில்லையே என்று ரஞ்சிதம் தனக்குள் ஒரு நியாயம் செய்து வைத்திருந்தாள். இப்படியெல்லாம் நியாயம் பண்ணித்தான் நம் பெண்கள் பாதிப் பேர் குடும்பம் நடத்துகிறார்கள்.

இப்போது யோகேஸுக்கு ஐந்தாம் மாதம். அது அர்ச்சுனனுக்குத் தெரியாது.

நாதன் அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டான். சுவரில் துளை போட்டுப் போட்டு வீடெல்லாம் சிமெண்ட் தூள். வெள்ளைக் குழாயில் வயரை விட்டுக் கூரையோரமாக ஓட்டிக்கொண்டே போனான். டிவிக்குக் கீழே பதிவு பெட்டியை வைத்தபோது, புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் சும்மா வைக்கக் கூடாதென்று ரஞ்சிதம் அதற்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். வைக்கும்போதே, 'நீயாவது என் பக்கம் இரு' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"அக்கா, பின்னால போயி நில்லுங்க. மொகம் எப்படி விழுதுன்னு பாப்போம்" என்று நாதன் கத்தினான்.

அவள் போய்ப் பின்கதவருகில் நின்றாள். மேலே ஒரு கறுப்புக் கண் அவளைப் பார்த்தது. ஹாலில் அர்ச்சுனன் போனை மூக்கருகில் பிடித்திருந்தார்.

"அடேயப்பா! காதுல போட்டிருக்க தோடு வரைக்கும் தெரியுது!" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது அங்கே வரை கேட்டது. "அப்படியே கதவத் தொற ரஞ்சிதம். ஆள் உள்ள வந்தா எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம்."

அவள் கதவைத் திறந்தாள், மூடினாள். கூண்டுக்குள் போட்ட கோழி போல இரண்டு அடி இப்படியும் இரண்டு அடி அப்படியும் நடந்து காட்டினாள்.

மறுநாளே மகளுக்குப் போன் போட்டு, "வராதடி" என்று சொன்னாள். அந்த வாரக் கடைசியில் மகளே கூப்பிட்டாள்.

"எத்தன நாளைக்கும்மா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். என்னைய என்னா செய்யச் சொல்ற? அவரு பத்து மணி டீக்கு ஒரு வாட்டி பாக்கறாரு, பன்னெண்டரைக்கு ஒரு வாட்டி, மூணே காலுக்கு ஒரு வாட்டி. வீட்டுக்கு வந்து சோத்த மென்னுக்கிட்டே அன்னிக்கி முழுக்க வந்த போனதெல்லாம் ஓட்டி ஓட்டிப் பாக்கறாரு. நேத்து ஒரு பூனைய பத்து நிமிசம் பாத்தாரு!"

யோகேஸ் அந்தப் பக்கம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "எங்க அத்த நல்லவங்கதாம்மா. தெனம் சூப்பு வச்சித் தராங்க. ஆனா எனக்கு எறங்க மாட்டேங்குது. புளி கரைச்ச வாசம் வேணும்மா எனக்கு. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு கனவுல வருது."

இரண்டு வாரம் ரஞ்சிதம் சமைத்தாள், சாப்பிடவில்லை. முன்பெல்லாம் வீடு வெறுமையாக இருந்தாலும் அவளுடையதாக இருந்தது. பாடலாம், கட்டையை நீட்டிப் படுக்கலாம், தனக்குத்தானே பேசலாம். இப்போது ஹாலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு தடவை மதியம் சோபாவில் கண் அசந்துவிட்டாள். போன் அடித்தது.

"என்னா, ஒடம்பு சரியில்லையா? படுத்திருக்க?"

"சும்மாதான் படுத்தேன்."

"சும்மான்னா சரி. நான் பயந்துட்டேன்."

அவர் வேவு பார்க்கிற ஆள் கிடையாது, உண்மையாகவே பயந்துதான் கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்ட மனுஷன் என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு திங்கட்கிழமை மெத்தைமேல் போடும் பெரிய சிவப்புப் போர்வையைத் துவைத்துப் பின்பக்கக் கொடியில் போட்டாள். பத்து மணிக்குப் போன்.

"ரஞ்சிதம், பின்னால கேமரா கெட்டுப் போச்சு போல. ஒரே செவப்பா இருக்கு."

"போர்வ காயுதுங்க."

"ஓ, போர்வையா? சரி சரி."

அவ்வளவுதான். அவர் போனை வைத்துவிட்டார். ரஞ்சிதம் போய்க் கொடியையும் போர்வையையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். போர்வைக்கு அந்தப் பக்கம் கதவு, கேமராவுக்குத் தெரியாது. போர்வைக்குப் பின்னாலேயே நடந்தால் அடுப்படி வரை வரலாம், அதுவும் தெரியாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் போர்வை காய ஆரம்பித்தது.

யோகேஸ் பதினொரு மணி வாக்கில் லோரோங் முனையில் இறங்கிக் குடையை முகத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருவாள். கதவில் நகத்தால் மூன்று தட்டு. அம்மா பூட்டைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்வாள். அடுப்படிக்குள் வந்ததும்தான் இரண்டு பேரும் மூச்சு விடுவார்கள். பிறகு சோறு. புளி கரைத்த குழம்பு, முருங்கைக்கீரைப் பிரட்டல், மாங்காய் போட்ட நெத்திலி, மிளகு ரசம். மகள் தட்டை வழித்து நக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் ரஞ்சிதம்.

"போர்வய இப்படித் தொவைச்சா நூலு நூலாப் போயிரும்" என்றார் அர்ச்சுனன் ஒரு ராத்திரி.

"உங்க வேர்வ அப்படி. பாலத்துப் புகை பூரா மெத்தையிலதான படுக்குது."

அவர் தன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டார்.

ஆறு முடிந்து ஏழாம் மாதம் பிறந்தது. யோகேஸ் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்த ஒரு சீனத்தியப் பேசி வச்சிருக்காங்கம்மா. புள்ளப் பெத்தா ஒரு மாசம் வீட்லயே தங்கிப் பாத்துக்குவாங்களாம். தலைக்குத் தண்ணி ஊத்தவே விட மாட்டாங்களாம். இந்த வாரத்துக்குள்ள வேணும் வேணாம்னு சொல்லணும்."

"தலப்பிரசவம் தாய் வீட்லதான்டி."

"எங்கம்மா இருக்கு எனக்குத் தாய் வீடு? இந்தப் போர்வைக்குப் பின்னாலயா?"

மகள் சொன்னதில் கோபம்கூட இல்லை, சும்மா கேட்டாள். முதல் பிள்ளையைப் பெற மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து, மருந்து இடித்துக் கொடுத்து, வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சி ஊற்றி, வயிற்றுக்குத் துணி கட்டிவிடாத தாய் என்ன தாய் என்று அவளுக்குத் தோன்றியது. அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று தினம் ராத்திரி நினைப்பாள். அவர் ஒன்பது மணிக்கு நனைந்த மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நாளைக்குக் கேட்கலாம் என்று சோற்றைப் போடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெயில் கொளுத்தியது. பதினொன்றரைக்கு யோகேஸ் வந்தாள். பன்னிரண்டுக்கு வானம் கறுத்தது. ஜோகூர் மழைக்கு முன்னறிவிப்பு என்று ஒன்று கிடையாது. ஒரு காற்று, ஒரு இடி, அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டும். அடுப்படியின் தகரக் கூரையில் மழை இறங்கியதும் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

"போர்வ நனையுதும்மா!" என்று யோகேஸ் காதருகில் வந்து கத்தினாள்.

"நனையட்டும். எடுத்தா தெரிஞ்சிரும்ல!"

கால் வீங்கியிருந்ததால் மகளை ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார வைத்து, கெம்போங் மீனில் முள் எடுத்துப் பிசைந்து ரஞ்சிதமே ஊட்ட ஆரம்பித்தாள். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

பன்னிரண்டரை. சிங்கப்பூரில் அர்ச்சுனன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். மழை. மழையில் போர்வை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் ஓடி வந்து எடுக்கவில்லை. இருபத்தேழு வருஷமாக அவரோடு வாழும் பெண், தூறல் விழுந்தால் அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டுத் துணி எடுக்க ஓடுகிறவள். கொடியில் துணியை நனையவிட்டு அவள் சும்மா இருக்கவே மாட்டாள். போன் அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஹால் கேமராவில் பார்த்தார், போன் தனியாக மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. பதினோராவது தடவையும் எடுக்காததும் தாமானின் காவல் குழுத் தலைவர் கனகசபையைக் கூப்பிட்டார்.

கனகசபை ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். இப்படி ஒரு அழைப்புக்காகத்தான் அவர் நாலு வருஷமாகப் பிரம்பும் விசிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டு வெல்டிங் கடை ரம்லியையும் கூட்டிக்கொண்டு பின்லோரோங்குக்கு ஓடினார். தட்டினார்கள், கத்தினார்கள், விசில் ஊதினார்கள். மழைக்கு முன்னால் விசில் எம்மாத்திரம்? ரம்லி தன் பெரிய வெட்டுக்கத்திரியை வைத்துப் பூட்டை நறுக்கிப் போட்டார்.

ரஞ்சிதம் ஒரு உருண்டையை மகள் வாயருகே கொண்டு போயிருந்தாள். அடுப்படி வாசலில் பிரம்போடு ஒரு மழைக்கோட்டும், இரும்புக் கத்திரியோடு ஒரு மழைக்கோட்டும் வந்து நின்றன. யோகேஸ் வீறிட்டாள். வந்தவர்களும் வீறிட்டார்கள்.

கனகசபை கையில் போன் இருந்தது. அதற்குள்ளிருந்து அர்ச்சுனனின் குரல் ஸ்பீக்கரில் அலறியது. "அண்ணே! என்னா ஆச்சுண்ணே? ரஞ்சிதம் எப்படி இருக்கா? சொல்லுங்கண்ணே!"

அந்தக் குரலில் அழுகை இருந்தது. ரஞ்சிதம் அதைக் கேட்டாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"தம்பி, பதறாத" என்றார் கனகசபை. "உன் சம்சாரம் நல்லாத்தான் இருக்கு. சோறு ஊட்டிக்கிட்டு இருக்கு."

"சோறா? யாருக்குண்ணே?"

கனகசபை விழித்தார். ரம்லி மெதுவாகத் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார். ரஞ்சிதம் சோற்றுக் கையோடு எழுந்து, இடது கையால் போனை வாங்கிக்கொண்டாள்.

"யோகேஸுக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம் கீக் கீக் என்று கேட்டது.

"ஏழு மாசம்" என்றாள். அதையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றிருந்தது அவளுக்கு.

அவர் அந்தச் சத்தம் நின்ற பிறகு கேட்டார்: "பூட்ட ஒடச்சிட்டாங்களா?"

"ஆமா."

"வேற பூட்டு வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி வந்தார், குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சிதம் வாயைத் திறந்தே விட்டாள். "என்னாங்க, அவளப் பத்தி..." என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கழுவப் போய்விட்டார். மோட்டாரை இரண்டு மணி நேரம் கழுவினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அடுப்படியில ஒரு கேமரா வைக்கச் சொல்லிருக்கேன். செவ்வாக்கெழம மத்தியானம் நாதன் வருவான்."

"அடுப்படியிலயா? எதுக்கு?"

"போன எடுக்க மாட்டேங்கற. விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

"நான் விழல."

"விழுந்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை! வாரத்தில் ஏழு நாள் இருக்க, போர்வை காய்ந்த கணக்கை வைத்து மகள் வருகிற நாளாகப் பார்த்து வைக்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இனி வீட்டில் போர்வை போட்டு மறைக்க ஒரு முழ இடம்கூட இல்லை. குளிக்கிற அறையில் வைத்தா மகளுக்குச் சோறு போடுவாள்? திங்கட்கிழமை பூரா அழுதாள். அழுது முடித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டுக் கேமரா வரும் விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கி வா."

"அப்பா கேமரா வைக்கிறாருன்னு சொன்னியேம்மா?"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன். ஒளிஞ்சது போதும். பாத்துட்டு என்னா செய்யறாரோ செய்யட்டும்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் இருக்கு. நீ வா."

செவ்வாய்க்கிழமை அவள் போர்வையைத் துவைக்கவில்லை. யோகேஸ் வெட்டவெளியில் பின்பக்கம் நடந்து வந்தாள், மேலே கறுப்புக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு நாதன் ஏணியோடு வந்தான். யோகேஸைப் பார்த்ததும் அவனுக்கு நிலவரம் பாதி புரிந்துவிட்டது போலிருக்கிறது, அன்றைக்கு வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"எந்த மூலையில வைக்கட்டும்க்கா?"

"எங்க வச்சா அந்த நாக்காலி நல்லாத் தெரியும்?"

"எந்த நாக்காலி?"

"என் மக உட்கார்ந்திருக்காளே, அது."

நாதன் தலையைச் சொறிந்துகொண்டு, அலமாரிக்கு மேலே துளை போட்டான். மிளகு ரசத்தில் சிமெண்ட் தூள் விழாமல் ரஞ்சிதம் மூடி வைத்தாள். மாட்டி முடித்ததும் சரியாகப் பன்னிரண்டரை. அவன் ஏணியில் நின்றபடியே அர்ச்சுனனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"பாஸ், படம் வருதா?"

"வருது."

"அடுப்பு, மேச எல்லாம் தெரியுதா?"

"தெரியுது."

யோகேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. ரஞ்சிதம் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், இரண்டு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தாள். திட்டினால் திட்டட்டும், வெளியே போகச் சொன்னால் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாதன் போனைக் காதருகில் கொண்டு போனான்.

"பாஸ், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கதவுப் பக்கம் திருப்பவா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்." பிறகு, "கொஞ்சம் கீழ எறக்கு" என்றார்.

நாதன் கேமராவை ஒரு விரலளவு சாய்த்தான்.

"இன்னும் கொஞ்சம்."

சாய்த்தான்.

"மேச மறைக்குது நாதன்" என்றார் அர்ச்சுனன். குரல் ஒரு மாதிரி கரகரத்தது. "அந்த மேசைய... கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லேன்."

மேசை எதை மறைக்கிறது என்று ஏணிமேல் இருந்த நாதனுக்கும் தெரிந்தது, கீழே இருந்த ரஞ்சிதத்துக்கும் தெரிந்தது. யோகேஸின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. பாவி மனுஷா, இதற்காகவா செவ்வாய்க்கிழமை? ஒரு நிமிஷம் மேசையைத் தள்ளத்தான் கையை வைத்தாள். வைத்த கையில் கோபம் ஏறியது. வெயிலிலும் மழையிலும் வயிற்றுப் பிள்ளைக்காரி திருடியைப் போல லோரோங்கில் நடந்து வருவாள், நான் பொய்யாகப் போர்வை துவைப்பேன், நீங்கள் அங்கே உட்கார்ந்து சோற்றைத் தின்றுகொண்டே டிவி மாதிரி பார்த்துவிட்டுப் போவீர்களா? வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா?

"எந்திரி" என்று மகளிடம் சொன்னாள்.

"அம்மா?"

"எந்திரிடி, வா."

மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஐஸ்பெட்டிக்கு அந்தப் பக்கம், கேமராவுக்கு நேர் கீழே உள்ள மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நாதன், எங்க போறாங்க? படத்துல காணோம்!" என்றது போன்.

"நாதன்" என்று ரஞ்சிதம் கூரைக்குக் கேட்கும்படி சொன்னாள், "உங்க பாஸுகிட்ட சொல்லுங்க. மகளப் பாக்கணும்னா அதுக்குக் கேமரா வேணாம். வர்ற ஞாயித்துக்கெழம வீட்லதான இருப்பாரு? முன்னால கேட்ட அவரு கையால தொறந்து விட்டு, 'வாம்மா'ன்னு ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லுங்க. தலப்பிரசவம் இந்த வீட்லதான் நடக்கணும். கூப்பிட்டாருன்னா, அப்புறம் வீடு பூரா வேணாலும் கேமரா மாட்டிக்கட்டும், நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இல்லன்னா இந்த மேசையும் நாக்காலியும்தான் அவருக்கு. தெனம் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

யோகேஸ் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாதன் ஏணியில் ஒரு கையில் போனும் ஒரு கையில் திருப்புளியுமாக நின்றான். சிங்கப்பூரில் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிப்பது போனில் கேட்டது. ஆட்கள் நாற்காலிகளை இழுத்துவிட்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது. அவர் மட்டும் எழுந்து போகவில்லை.

"நாதன்" என்றார் மறுபடியும், சன்னமாக. "யாரையும் காணோமே லா."

நாதன் கீழே மூலையில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தான்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க பாஸ்" என்றான்.